மென்பொருள் உரிமமும் கைமாற்று விதிகளும்: கூட்டுறவாளர் அறிய வேண்டுவன

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. எந்த அங்கத்தினருக்கு எவ்வளவு நூல் கொடுக்கப்பட்டது, எத்தனை சேலை நெய்து திரும்ப வந்தது, கூலியில் பாக்கி எவ்வளவு, பயிர்க்கடனில் அடைந்தது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பவை யாவும் கணக்கிலே காணப்பட வேண்டும். முன்னாளில் அக்கணக்கு பேரேடாகத் தைக்கப்பட்டுக் காரியதரிசியின் மேசைமீது இருந்தது. இன்று அது கணிப்பொறிக்குள் சென்றுவிட்டது. பேரேட்டை விலைக்கு வாங்கியவர் அதன் சொந்தக்காரர் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. கணிப்பொறியில் கணக்கை நடத்தும் மென்பொருளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இவ்வேறுபாட்டை நமது சங்கங்கள் நன்கு உணர வேண்டியிருப்பதால் அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி அனுமதி அளித்தது. மொத்தச் செலவு 2,516 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. நாடு முழுமைக்கும் பொதுவான ஒரே மென்பொருள் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. ஆகவே பயிர்க்கடன் சங்கங்களுக்கு மென்பொருளைத் தேடி அலையும் வேலை பெரும்பாலும் குறைந்தது. ஆனால் நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் சேர்ந்தவை அல்ல. வாழை, வெற்றிலை, கருப்பட்டி முதலியவற்றை விற்பதற்காக உற்பத்தியாளர்கள் தாமே அமைத்துக்கொண்ட குழுக்களும் அதில் சேரவில்லை. இவர்கள் தங்கள் மென்பொருளைத் தாங்களே பார்த்துப் பேரம் பேசிப் பெற வேண்டியவர்கள். நிர்வாகக் குழு கூடி, "மென்பொருள் ஒன்று வாங்கப்பட்டது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது வழக்கம். அந்த "வாங்கப்பட்டது" என்னும் சொல்லைத்தான் நாம் சற்று ஆராய வேண்டும்.

வாங்கியது எது?

நெசவாளர்களுக்கு மென்பொருள் என்பது முற்றிலும் புதிய பொருள் அன்று. ஜக்கார்டு தறியில் தொங்கும் துளையிட்ட அட்டைகளை அவர்கள் அறிவார்கள். எந்தப் பாவு இழை உயர வேண்டும், எது தாழ வேண்டும் என்று அத்துளைகளே தறிக்கு ஆணையிடுகின்றன. தறி யந்திரம், அட்டை அதற்குரிய கட்டளை. கணிப்பொறிக்கும் மென்பொருளுக்கும் உள்ள உறவு இதுவே. ஓர் அட்டைக் கட்டைப் பணம் கொடுத்துப் பெற்றவர் அதைத் தம் தறியில் கட்டி நெய்யலாம். அதனாலேயே அந்த உருவத்திற்கு அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அதைப் போல் நூறு கட்டு அடித்து ஊரெல்லாம் விற்கும் அதிகாரம் அவருக்குக் கிட்டுவதும் இல்லை.

நமது நாட்டுச் சட்டமும் இதையே கூறுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகுப்பிலே வைத்திருக்கிறது. புத்தகம் வாங்கியவர் புத்தகத்திற்குச் சொந்தக்காரர். அச்சிடும் உரிமையோ ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ நிற்கிறது. கடையில் பொதுவாக விற்கப்படும் மென்பொருள் விற்பனை வரிக்கு உட்பட்ட சரக்கே என்று, டாட்டா கன்ஸல்டன்ஸி ஸர்வீஸஸ் நிறுவனத்திற்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பின்னர் 2021-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, என்ஜினீயரிங் அனாலிஸிஸ் வழக்கில் அதே நீதிமன்றம் மேலும் தெளிவுபடுத்தியது. வெளிநாட்டு மென்பொருளுக்கு உபயோகிப்பவர் செலுத்தும் தொகை பிரதிக்குரிய விலையே என்றும், அது பதிப்புரிமையைப் பெற்றதற்கான ராயல்டி ஆகாது என்றும் கூறிற்று. வரி வழக்குகளாகிய இவ்விரண்டிலிருந்தும் நமக்குப் பயன்படும் உண்மை ஒன்று கிடைக்கிறது. சங்கம் பெறுவது ஒரு பிரதியும், அதை உபயோகிப்பதற்கான அனுமதியுமே. அந்த அனுமதியைத்தான் உரிமம் அல்லது லைசென்ஸ் என்கிறோம்.

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முத்துப்பார்கள் என்றும் குளிப்பவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. சர்க்கார் நாள் குறித்துப் பாரைத் திறந்தது. அனுமதி பெற்ற தோணிகள் சென்றன. மூழ்கி எடுத்த சிப்பியில் ஒரு பங்கு குளித்தவருக்குக் கிடைத்தது. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்புக்குப் பின்னர் பாரில் சிப்பி பெருகாமையால் அத்தொழில் நின்றுபோயிற்று. அனுமதி எத்தனை நாளுக்கு, எந்தப் பாருக்கு, எந்தத் தோணிக்கு என்பதே அக்காலத்தில் கேள்வி. மென்பொருள் உரிமத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே: எத்தனை காலத்திற்கு, எந்த யந்திரத்திற்கு, எந்த ஆளுக்கு?

வாடகைக் கப்பலின் பாடம்

அனுமதியின் நிபந்தனை பிறர் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதற்குத் தூத்துக்குடி வரலாற்றிலேயே ஒரு பெரும் சான்று உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடக்கத்தில் சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பல்களை வாடகைக்குப் பெற்றுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார்கள். போட்டியாளராகிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார் வாடகைக்குக் கொடுத்தவர்களை நெருக்கவே, அக்கம்பெனி தன் கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பயணிகள் இருந்தார்கள், சரக்கு இருந்தது, பங்குதாரர் இருந்தார்கள், கப்பல் மட்டும் இல்லை. இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி இடைக்காலத்தைச் சமாளித்தார்கள். அதன்பின்பே சிதம்பரம் பிள்ளை அவர்கள் சொந்தக் கப்பல் இன்றிச் சங்கம் நிலைக்காது எனக் கண்டு, வடக்கே சென்று முயன்றார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் 1907-ஆம் ஆண்டில் சங்கத்திற்குச் சொந்தமாயின.

வாடகை தீது என்று இதிலிருந்து நாம் முடிவு கட்டவில்லை. சொந்தக் கப்பல் வாங்கிய சங்கமும் அடக்குமுறையாலும் போட்டியாலும் நலிந்து 1911-ஆம் ஆண்டில் கலைந்துவிட்டது. வாடகையாயினும் சொந்தமாயினும் அதன் ஷரத்துக்களை முன்னரே அறிந்து, திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டால் மறுநாள் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு வழி செய்து வைப்பதே விவேகம்.

உரிமத்தின் வகைகள்

நிலத்தில் கிரயம், குத்தகை, போக்கியம் என வேறுபாடு இருப்பது போல மென்பொருள் உரிமத்திலும் பல வகைகள் உண்டு. சங்கங்களுக்கு நேரக்கூடிய ஆறு வகைகளை மட்டும் கீழே தருகிறோம்.

முதலாவது, யந்திரத்தோடு ஒட்டிய உரிமம். புதுக் கணிப்பொறி வாங்கும்பொழுது அதிலேயே ஏற்றி வரும் விண்டோஸ் இதற்கு உதாரணம். நிலத்தோடு கிணறு போவதைப் போல இது கணிப்பொறியோடு போகும். கணிப்பொறியை விற்றால் உரிமமும் வாங்குகிறவரிடம் சேரும். கணிப்பொறி பழுதாகிக் குப்பைக்குப் போனால் உரிமமும் அத்துடன் முடியும். அதைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் ஏற்ற இயலாது.

இரண்டாவது, தனியே விலைக்குப் பெறும் நிரந்தர உரிமம். ஒருமுறை பணம் செலுத்திக் காலவரையின்றி உபயோகிப்பது இது. தனியே வாங்கிய விண்டோஸ் உரிமத்தை ஒரு கணிப்பொறியிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைக்க அதன் ஷரத்துக்கள் இடந்தருகின்றன. நம் வணிகரிடையே பெருவழக்காக உள்ள டாலி கணக்கு மென்பொருளின் நிரந்தர உரிமமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு கணிப்பொறியிலிருந்து உரிமத்தை முறைப்படி ஒப்படைத்துவிட்டு மற்றொன்றில் அதனை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். ஆயினும் "நிரந்தரம்" என்ற சொல்லைக் கண்டு மயங்கலாகாது. உபயோகம் நிரந்தரமே தவிர, புதிய வரி விதிகளுக்கு ஏற்பத் திருத்தங்கள் பெறுவதற்கும் சில சேவைகளுக்கும் தனியே ஆண்டுக் கட்டணம் உண்டு.

மூன்றாவது, ஆள்கணக்கு உரிமம். எத்தனை பேர் உபயோகிக்கலாம் என்பதே இதன் அளவு. இதிலும் இரு பிரிவுகள் காணப்படுகின்றன. குறிப்பிட்ட பெயருடையவர் மட்டும் உபயோகிப்பது ஒன்று. யாராயிருந்தாலும் ஒரே சமயத்தில் இத்தனை பேருக்கு மேற்படாமல் உபயோகிப்பது மற்றொன்று. காலையில் ஒரு குமாஸ்தாவும் மாலையில் மற்றொருவரும் வேலை பார்க்கும் சங்கத்திற்கு இரண்டாம் பிரிவு சிக்கனம். பெயருக்கு உரிமம் எடுத்துவிட்டு இருவரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வது ஒப்பந்த மீறல். அன்றியும் பிழை நேர்ந்தால் அப்பதிவைச் செய்தவர் யார் என்பதே தெரியாமற் போகும்.

நான்காவது, சந்தா உரிமம். மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் பணம் செலுத்தும் வரை உபயோகம். நிறுத்தினால் உபயோகமும் நிற்கும். இன்று உலகம் இவ்வழியே செல்கிறது. புடவைக் கரைக்கும் முந்திக்கும் உருவம் வரைவோர் பலர் உபயோகிக்கும் ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம், இனி வரும் புதுப் பதிப்புக்கள் சந்தா முறையிலேயே கிடைக்கும் என 2013-ஆம் ஆண்டில் அறிவித்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்திவரும் ஸோஹோ நிறுவனமும் தன் கணக்கு மென்பொருளைச் சந்தா முறையிலேயே அளிக்கிறது. இம்முறையில் தொடக்கச் செலவு குறைவு. திருத்தங்களும் தாமே வந்து சேரும். ஆனால் கணக்கு விவரங்களும் பெரும்பாலும் கம்பெனியாரின் யந்திரத்திலேயே தங்குகின்றன என்பதை மறக்கலாகாது.

ஐந்தாவது, கூலி கொடுத்து எழுதுவித்த மென்பொருள். உள்ளூர் இளைஞர் ஒருவரைக் கொண்டு நூல் இருப்புக்கும் கூலிப் பட்டுவாடாவுக்கும் ஏற்றபடி நிரல் எழுதுவித்துக்கொள்ளும் சங்கங்கள் உண்டு. "பணம் நாம் கொடுத்தோம், ஆகையால் நிரல் நமது" என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. சங்கத்தின் சம்பளச் சிப்பந்தி தம் வேலையின் பகுதியாக எழுதினால், மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை சங்கத்தைச் சேரும். வெளியாள் ஒப்பந்தக் கூலிக்கு எழுதினால், உரிமை எழுதியவரிடமே நிற்கும். அது சங்கத்திற்கு மாற வேண்டுமாயின் எழுத்து மூலமான, கையொப்பமிட்ட உரிமை மாற்றுப் பத்திரம் வேண்டும். அப்பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்றும் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கூறுகிறது. காலம் குறிப்பிடாமல் எழுதிய பத்திரம் ஆறாம் ஆண்டில் பயன்படாது என்பதைக் காரியதரிசிகள் கருத்தில் கொள்ள வேண்டும். நிரலின் மூலப்படியையும் அப்பொழுதே கேட்டு வாங்கி வைத்தல் அவசியம். மூலப்படி இல்லையேல், எழுதியவர் வேலை தேடி வெளியூர் சென்றபின் ஒரு சிறு திருத்தத்தைக்கூட வேறெவரும் செய்ய முடியாது.

ஆறாவது, கட்டற்ற மென்பொருள். எவரும் உபயோகிக்கலாம், பிரதி எடுக்கலாம், மூலத்தைப் பார்த்துத் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே இதன் உரிமம். லினக்ஸ் இயங்குதளம், லிப்ரே ஆபீஸ், நம் நாட்டார் உருவாக்கிய ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் என்னும் வணிகக் கணக்கு மென்பொருள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சென்னையிலுள்ள ஸி-டாக் நிலையத்தார் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கு ஏற்ற பாஸ் என்னும் இயங்குதளத்தை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கட்டற்றது என்பதால் நிபந்தனையே அற்றது என்று கொள்ளலாகாது. 1989-இல் முதன்முதல் வெளிவந்த பொதுமக்கள் உரிமம் என்னும் ஜி.பி.எல். பத்திரத்தின்படி, ஒருவர் நிரலைத் திருத்திப் பிறருக்குக் கொடுத்தால் மூலப்படியையும் அதே சுதந்திரத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். உரிமத்திற்கு விலை இல்லாவிடினும், அமைத்துக் கொடுப்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் உரிய கூலி உண்டு.

கைமாற்றம் எப்பொழுது செல்லும்?

துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் இருவகைச் சீட்டுக்களை அறிவார்கள். கப்பல் சரக்குச் சீட்டு, "இன்னார் அல்லது அவர் ஆணை பெற்றவர்" என்று எழுதப்பட்டிருந்தால், அதன் பின்புறம் கையொப்பமிட்டுக் கொடுத்த மாத்திரத்தில் சரக்கைப் பெறும் உரிமை மாறிவிடும். பயணச் சீட்டோ பெயருக்கு உரியது. பிறர் அதைக் காட்டிக் கப்பலேற முடியாது. மென்பொருள் உரிமங்களில் பெரும்பாலானவை பயணச் சீட்டின் இனத்தைச் சேர்ந்தவை. கம்பெனியாரின் சம்மதமின்றிக் கைமாறாதவை. சங்கங்களுக்கு மூன்று சந்தர்ப்பங்களில் இக்கேள்வி எழுகிறது.

முதலாவது, பழைய கணிப்பொறியை விற்கும்பொழுது. யந்திரத்தோடு ஒட்டிய உரிமத்தை யந்திரத்துடனேயே கொடுத்துவிடலாம். தனியே வாங்கியவற்றை நீக்கிவிட்டே கொடுக்க வேண்டும். உரிமத்தையும் சேர்த்து விற்க விரும்பினால் அதன் ஷரத்தைப் பார்க்க வேண்டும். தனியே வாங்கிய விண்டோஸை முதல் உரிமதாரர் பிறருக்கு மாற்றலாம். பெறுபவர் நிபந்தனைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். கொடுப்பவர் தம்மிடம் பிரதி எதையும் வைத்துக்கொள்ளலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி, யூஸ்டு சாப்ட் என்பவர்களுக்கும் ஆரக்கிள் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், காலவரையின்றி விற்கப்பட்ட மென்பொருளை வாங்கியவர் மறுவிற்பனை செய்வதைக் கம்பெனி தடுக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் விற்பவர் தம் பிரதியை உபயோகமற்றதாக்க வேண்டும் என்றும், 25 பேருக்கு வாங்கிய உரிமத்தில் 10-ஐப் பிரித்து விற்கலாகாது என்றும் கூறியது. அத்தீர்ப்பு ஐரோப்பாவுக்கே உரியது. நமது நாட்டில் சங்கங்கள் தங்கள் கையிலுள்ள ஒப்பந்தத்தின் வாசகத்தையே நம்பி நடப்பது பத்திரம்.

இரண்டாவது, இரு சங்கங்கள் ஒன்றாக இணையும்பொழுது. நலிந்த சங்கத்தை வலுவுள்ள சங்கத்தோடு இணைப்பது கூட்டுறவு இயக்கத்தில் புதிதன்று. தறி, கட்டிடம், நூல் இருப்பு, கடன் பாக்கி யாவும் புதிய சங்கத்தைச் சேரும். மென்பொருள் உரிமமும் அவ்வாறே சேருமா? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நமக்கு எச்சரிக்கையாக இருக்கிறது. ஸின்காம் என்னும் கம்பெனி 1989-ஆம் ஆண்டில் அலுமினியத் தொழிற்சாலை ஒன்றுக்கு மென்பொருள் உரிமம் அளித்தது. எழுத்து மூலமான சம்மதமின்றி மாற்றலாகாது என்பது ஷரத்து. பிற்காலத்தில் அத்தொழிற்சாலையின் கம்பெனி தன் குடும்பத்துக்குள்ளேயே இணைப்புகள் செய்துகொண்டு நோவெலிஸ் என்னும் பெயரைப் பெற்றது. ஆலை மாறவில்லை, மென்பொருளை உபயோகித்த வேலையும் மாறவில்லை. ஆயினும் உரிமம் பெற்ற கம்பெனி சட்டத்தின் கண்ணில் மறைந்துவிட்டது. புதிய கம்பெனி சம்மதம் பெறவில்லை. ஆகவே அது உரிமை மீறலே என 2009-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. நஷ்ட ஈடு 4,59,530 டாலர். அந்த நோவெலிஸ் 2007-ஆம் ஆண்டு முதல் நமது ஹிண்டால்கோ நிறுவனத்தைச் சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் இணைப்புத் தீர்மானம் எழுதும் நாளிலேயே ஒவ்வொரு மென்பொருள் கம்பெனிக்கும் கடிதம் எழுதிச் சம்மதம் பெற்று வைப்பதற்கு ஆகும் செலவு அற்பம்.

மூன்றாவது, ஆள் மாறும்பொழுது. நடைமுறையில் அதிகமான தொல்லை இதனாலேயே விளைகிறது. மென்பொருளைப் பதிவு செய்யும்பொழுது மின்னஞ்சல் முகவரியும் கைப்பேசி எண்ணும் கேட்கப்படும். அவசரத்தில் குமாஸ்தா தம் சொந்த எண்ணையோ, விற்பனையாளர் தம் முகவரியையோ கொடுத்துவிடுவது உண்டு. கம்பெனியின் புத்தகத்தில் உரிமதாரர் அவரே. அவர் விலகிச் சென்றபின் உரிமத்தைப் புதுப்பிக்கவும் மாற்றவும் சங்கத்திற்கு வழியில்லாமற் போகிறது. சங்கத்தின் நிலத்தைக் குமாஸ்தாவின் பெயரில் பட்டா செய்ய எந்த நிர்வாகக் குழுவாவது சம்மதிக்குமா?

விதையும் மென்பொருளும்

விவசாயிகள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "பாதுகாக்கப்பட்ட ரகமாயினும் விலைக்கு வாங்கிய விதையை விதைத்து, விளைச்சலில் விதை எடுத்துவைத்து, அண்டை வீட்டாருக்கும் கொடுக்கிறோம். மென்பொருளில் மட்டும் ஏன் கூடாது?" 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், பெயர் முத்திரையிடாமல் விற்கவும் விவசாயிக்கு வெளிப்படையாக உரிமை அளித்திருக்கிறது. மென்பொருள் உபயோகிப்பவருக்கு அத்தகைய பரந்த உரிமையைச் சட்டம் அளிக்கவில்லை. முறைப்படி பெற்ற நிரலுக்கு, அழிவு நேர்ந்தால் காப்பதற்காக ஒரு சேமப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதைத் தாண்டிப் பிரதி எடுத்துப் பக்கத்துச் சங்கத்திற்குக் கொடுப்பதை அது அனுமதிக்கவில்லை. அப்படிக் கொடுக்க விரும்புவோருக்கு உள்ள நேர்வழி கட்டற்ற மென்பொருளே.

திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணிப்பொறியில் உபயோகிப்போருக்கு 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. "சங்கம் லாபத்திற்காக நடப்பதன்று" என்ற சமாதானத்தை நம்பி இவ்வபாயத்தில் இறங்கலாகாது. சங்கம் துணியும் வெற்றிலையும் விற்று வணிகம் செய்கிறது. ஒரு சேலைக்கு இவ்வளவு கூலி எனப் பாடுபடும் நெசவாளியின் பங்குப் பணத்திலிருந்து அபராதம் கட்ட நேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு?

சங்கங்கள் செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய சில யோசனைகளைத் தொகுத்துச் சொல்லுகிறோம்.

பணம் செலுத்துமுன் விற்பனையாளரிடம் ஐந்து கேள்விகளை எழுத்து மூலமாகக் கேட்டுப் பதிலையும் எழுத்து மூலமாகப் பெற வேண்டும். உரிமம் எத்தனை காலத்திற்கு? எத்தனை கணிப்பொறிக்கு அல்லது எத்தனை பேருக்கு? கணிப்பொறி பழுதானால் வேறொன்றுக்கு மாற்றலாமா? சங்கம் இணைந்தாலும் பெயர் மாறினாலும் உரிமம் தொடருமா? சந்தா நின்றால் எங்கள் கணக்கை எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம்? வாய்மொழியாகக் கூறும் உறுதிக்கு மதிப்பில்லை.

உரிமம் சங்கத்தின் பெயரில், சங்கத்திற்கென அமைந்த மின்னஞ்சல் முகவரியில், சங்கத்தின் கைப்பேசி எண்ணில் பதிவாக வேண்டும். காரியதரிசி மாறும்பொழுது இரும்புப் பெட்டிச் சாவியையும் ரொக்கத்தையும் ஒப்புவிப்பது போல இவற்றின் கடவுச்சொற்களையும் பட்டியலிட்டு ஒப்புவிக்க வேண்டும்.

தளவாடப் பதிவேட்டைப் போல உரிமப் பதிவேடு ஒன்று வைத்தல் நலம். மென்பொருளின் பெயர், வகை, வாங்கிய தேதி, விலைச் சீட்டு எண், எந்தக் கணிப்பொறியில் உள்ளது, புதுப்பிக்க வேண்டிய நாள், கைமாற்று ஷரத்து என ஏழு பத்திகள் போதும். ஆண்டுத் தணிக்கையின்போது அதையும் சரிபார்க்கலாம். சந்தாத் தொகையை ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். இல்லையேல் கூலிப் பட்டுவாடா நாளன்று மென்பொருள் நின்று நெசவாளி வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

எல்லாவற்றினும் மேலாக, மென்பொருள் யாருடையதாயினும் கணக்கு சங்கத்தினுடையது. மாதந்தோறும் கணக்கைப் பொது வடிவில் வெளியே எடுத்து, சங்கத்தின் கையிலுள்ள தனிச் சேமிப்பில் வைக்க வேண்டும். முக்கியமான பாக்கிப் பட்டியலைத் தாளிலும் அச்சிட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும். அவ்வாறு வைத்திருக்கும் சங்கம், ஒரு கம்பெனி உரிமத்தை நிறுத்தினாலும் மற்றொன்றைக் கொண்டு மறுவாரமே வேலையைத் தொடங்கிவிடும்.

சிறு சங்கங்கள் தனித்தனியே பேரம் பேசி அதிக விலை கொடுப்பதைக் காட்டிலும், அண்டைச் சங்கங்கள் கூடி ஒரே மென்பொருளைத் தேர்ந்து, ஒரே ஒப்பந்தத்தில் கைமாற்று ஷரத்தையும் கேட்டுப் பெறுவது மேலானது. நூலையும் உரத்தையும் கூட்டாகக் கொள்முதல் செய்யக் கற்ற நாம், உரிமத்தையும் அவ்வாறே கொள்முதல் செய்யலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், தங்கள் சங்கத்துக் கணிப்பொறிகளில் உள்ள மென்பொருள்கள் எவை, அவை யார் பெயரில் உள்ளன, எந்நாள் வரை செல்லும் என்ற மூன்று கேள்விகளை அங்கத்தினர்கள் எழுப்புவார்களாக. விடை உடனே கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிடின் பதிவேட்டை அன்றே தொடங்குவது நிர்வாகிகளின் கடமையாகும்.